தாரிக்கூசு என்ற பெண்

அந்தப் பெயரை முதலில் என் தங்கையின் வாயிலிருந்துதான் கேட்டேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. மலையிலிருந்து வந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அத்தை வீட்டு வாசலில் நைனா பையைத் திறந்து, நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட ஒரு பாவாடையை எடுத்து என்னிடம் நீட்டினார். என் கை அதைத் தொடுவதற்குள் தங்கை ஓடி வந்து பாவாடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அது தாரிக்கூசு பாவாடை! அவளுக்குத்தான நைனா தைச்ச!"

அம்மா சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். "இப்போ அப்படிச் சொல்லக் கூடாது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நான் பார்த்தது சிரிப்பை அல்ல, பொத்திய கையைத்தான்.

பாவாடையைக் கட்டிப் பார்த்தேன். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. நைனாவுக்குத் தையல்தான் தொழில். அவர் தைத்து அளவு தவறியது என்று யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அப்படியென்றால் அது எனக்குத் தைத்தது இல்லை. தாரிக்கூசு என்று மேலே ஒருத்தி இருக்கிறாள். என்னைவிடக் குட்டையானவள். அவள் வேண்டாம் என்று தள்ளியது எனக்கு வந்திருக்கிறது. இவ்வளவையும் பாவாடை நாடாவை முடிச்சுப் போடும் நேரத்தில் நான் கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் குடும்பம் அப்போது இரண்டாக இருந்தது. அம்மா நர்ஸ். மலைக்கு மேலே, காட்டுக்குள், பழங்குடி மக்கள் மட்டும் வாழும் ஒரு சின்ன ஊரில் அவளுக்கு வேலை போட்டார்கள். அந்த மக்களின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் என் வீட்டார், நான் இருந்ததில்லை. பிறர் சொல்லக் கேட்டதை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே விவரிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நைனா மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு துணிக்கடை வாசலில் மிஷின் போட்டிருந்தார். அம்மாவுக்கு உத்தரவு வந்ததும் மிஷினைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். "பொண்டாட்டி பின்னாடி போறாம்பா" என்று சந்தே சிரித்தது. தங்கை சின்னவள், அம்மாவை விட்டு இருக்கமாட்டாள் என்று அவளையும் கொண்டுபோனார்கள். நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரே ஒரு ஆசிரியர் உள்ள பள்ளிக்கூடம்; மழை பெய்தால் அவர் மலை ஏற மாட்டார், மழை நின்றால் மறுபடி பெய்யுமோ என்று ஏற மாட்டார். அதனால் என்னை நைனாவின் அக்காவிடம் விட்டார்கள். "வீடு செட்டில் ஆனதும் வந்து கூட்டிக்கினு போறேன்" என்றார் நைனா. வீடு இரண்டு வருஷம் செட்டில் ஆகவில்லை.

அத்தைக்கு மந்தைவெளிப் பக்கம் ஒரு மரத்தடியில் இஸ்திரி வண்டி. பள்ளி விட்டதும் நான் நேராக அங்கே போய்விடுவேன். கரியை விசிறுவதும், மடித்த துணிகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் நிற்பேன். "இன்னாடி, ஊமைச்சி மாரி நின்னுகினு வந்துட்டியா?" என்று அத்தை திட்டுவாள். தெருவில் என் பேரே கூச்சக்காரி.

எப்போதாவது மருந்துப் பெட்டி வாங்கவோ நூல்கண்டு வாங்கவோ நைனா மட்டும் தனியாகக் கீழே வருவார். வந்தால் அந்த ஊர்க் கதைதான். தையல் மிஷினை மூங்கிலில் கட்டி நான்கு பேர் சுமந்து போனார்களாம். முதலில் யாரும் அம்மாவிடம் மருந்து வாங்க வரவில்லையாம். நைனாவிடம் கிழிந்த கம்பளியைத் தைக்க வந்தவர்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாக அம்மா பக்கம் திரும்பினார்களாம். "டாக்டரம்மா வூட்டுக்காரர்னு யாரும் சொல்றதில்லக்கா, மிஷின்காரர் பொண்டாட்டினுதான் இவளச் சொல்றாங்க" என்று அத்தையிடம் பெருமை அடித்துக்கொள்வார். காலில் ஏறும் அட்டையைத் தங்கை உப்புப் போட்டு உதிர்ப்பாளாம். ராத்திரி யானை வந்தால் ஊரே தகரம் தட்டுமாம். தங்கைக்கும் ஒரு தகரம் உண்டாம். தேனடையை மெழுகோடு மென்று துப்புவாளாம்.

அத்தை வாயில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். எனக்கு அந்தத் தகரத்தை நினைத்தே வயிறு எரியும். நான் பாடப் புத்தகத்தில் அருவி என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அவள் அருவியில் குளித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் பங்குனித் திருவிழாவுக்கு எல்லாருமே வந்தார்கள். அம்மாவை நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூடவே அந்த ஊர்ப் பெண் ஒருத்தியும் வந்திருந்தாள். பிரசவம் பார்க்கும்போது அம்மாவுக்குத் துணையாக இருப்பவளாம், கடல் பார்க்க ஆசைப்பட்டாளாம். அவளை நாங்கள் மலை அக்கா என்று கூப்பிட்டோம். திருவிழா முடிந்த கையோடு என்னையும் கூட்டிப்போவதாக இந்த முறை நிஜமாகவே பேச்சு. மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைக்கும்போல் இருந்தது. பரீட்சை எழுதாவிட்டாலும் பாஸ் போடச் சொல்லி டீச்சரிடம் அத்தை பேசி வைத்திருந்தாள்.

இரண்டு வருஷம் காத்திருந்தது அதற்குத்தான். அந்த நேரம் பார்த்துத்தான் தாரிக்கூசு வந்து சேர்ந்தாள்.

அன்று மத்தியானம் அத்தை சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். தங்கை தட்டில் கை வைத்ததும் முதல் கவளத்தை உருட்டி, தட்டின் ஓரத்தில் தனியாக வைத்தாள். "இது தாரிக்கூசுக்கு" என்றாள். அம்மா அவளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு அந்தக் கவளத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள். "சாப்பிடு" என்றாள்.

பாவாடை போதாதென்று சோறும்! நான் அதை விரலால் ஓரத்துக்குத் தள்ளினேன்.

"இன்னாடி மூஞ்சத் தூக்கி வெச்சுகினு கீற? அம்மா எம்மாம் ஆசையா வெக்குது, ஒதுக்குற?" என்றாள் அத்தை. நான் குனிந்து மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் கூச்சம் என்று விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் தங்கையை இஸ்திரி வண்டிக்குக் கீழே உட்கார வைத்து விசாரித்தேன்.

"யாருடி தாரிக்கூசு?"

"தாரிக்கூசு தாரிக்கூசுதான்."

"நல்லா இருப்பாளா?"

"ரொம்ப நல்லா இருப்பாளாம். அம்மா சொல்லும்."

"எங்க படுப்பா?"

"அம்மா பக்கத்துல. செவுத்துப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவ எடம். அங்க நான் உருண்டா அம்மா தள்ளி வுடும்."

"உன்ன அடிப்பாளா?"

"அடிக்கவே மாட்டா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீதான் அடிக்கிற" என்றாள்.

அவளுக்கு எல்லா எழுத்தும் தெரியுமாம். சோறு சிந்த மாட்டாளாம். தலை வாரும்போது அழ மாட்டாளாம். தங்கை எப்போது அழுதாலும் "தாரிக்கூசு அழுவாளா பாரு" என்று அம்மா கேட்பாளாம். இதைச் சொல்லும்போது தங்கையின் முகம் சுருங்கியது. அவளுக்கும் அந்தப் பெண்ணை அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

மற்ற நேரமெல்லாம் அவளை யோசித்துக்கொண்டே இருந்தேன். தாரி என்பது பேராக இருக்கும். கூசு? கூச்சப்படுகிறவளோ? அப்படியென்றால் மேலே ஒரு கூச்சக்காரி இருக்கிறாள், அவள் கூச்சம் மட்டும் எல்லாருக்கும் இனிக்கிறது. இங்கே என் கூச்சத்துக்குத் திட்டு. எனக்கென்று இருந்த ஒரே பட்டப்பேரையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் கடலுக்குப் போனோம். மலை அக்கா மணலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் பேச்சில் ஏதோ சொன்னாள். அம்மா, நைனா, தங்கை மூவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அத்தையும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இவ்ளோ தண்ணிய வெச்சுக்கினு கொழாயடியில ஏன் சண்டை போடறீங்கனு கேக்குறா" என்றார் நைனா.

"அய்ய, உப்பும்மா அது! வாயில ஊத்திப் பாரு, தெரியும்!" என்றாள் அத்தை. மலை அக்கா நிஜமாகவே ஒரு கை அள்ளி வாயில் ஊற்றித் துப்பினாள். மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். அந்த நாட்களில் சிரிப்பு எனக்கு எப்போதும் ஒரு ஆள் தாண்டித்தான் வந்தது. தாரிக்கூசு இருந்திருந்தால் உடனே சிரித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபத்து மூவர் அன்று மாட வீதியில் கால் வைக்க இடமில்லை. வெயிலில் தார் இளகிக் கிடந்தது. பந்தலுக்குப் பந்தல் மோரும் பானகமும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தையும் நைனாவும் புளியோதரை வாங்க ஒரு பந்தலில் நின்றுவிட்டார்கள். அம்மா ஒரு கையில் என்னைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் தங்கையை வைத்திருந்தாள். மலை அக்கா பின்னால் வந்தாள். பல்லக்குகள் வரிசையாக வரத் தொடங்கியதும் தங்கை பலூன் என்று கத்தி வழுக்கினாள். அவளை ஏற்றிப் பிடிக்க அம்மா என் கையை விட்டாள். கூட்டம் ஒரு தள்ளுத் தள்ளியது. நான் ஒரு மோர்ப் பந்தலின் பானைகளுக்குப் பின்னால் போய் விழுந்தேன்.

எழுந்து பார்த்தபோது அம்மா எதிர்ப்பக்கம் ஒரு கடைப் படியில் ஏறி நின்றிருந்தாள். எனக்கு அவள் நன்றாகத் தெரிந்தாள், அவளுக்கு நான் தெரியவில்லை. "அம்மா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கூப்பிட்டுவிட்டாள்.

"தாரிக்கூசே! ஏ, தாரிக்கூசே!"

என் வாய் மூடிக்கொண்டது.

காணாமல் போனவள் நான். கூட்டத்தில் மிதிபட்டு நிற்கிறவள் நான். என்னைப் பெற்றவள் படியில் ஏறி நின்று, குரல் உடைய, வேறொரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தாரிக்கூசே!"

மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவுக்குத் தாரு கூசுதாம்பா, ரோட்டுல கொஞ்சம் தண்ணி அடிங்கப்பா" என்றார். பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பானைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அவள் எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடட்டும். அவளுக்கு வேண்டியவள் வந்து பதில் சொல்லட்டும். அம்மா அழுகிறாள் என்று தெரிந்தது. அந்த அழுகையும் எனக்கானது இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்னைக் கண்டுபிடித்தது மலை அக்காதான். ஓடி வரவில்லை, கத்தவில்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, என் முகவாயைத் தொட்டாள்.

"தாரிக்கூசே, பா" என்று, வரச் சொல்லித் தலையசைத்தாள்.

இரண்டு நாளாக அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாத நான் அந்தத் தெருவே கேட்கும்படி கத்தினேன். "நான் தாரிக்கூசு இல்ல! அவ வேற! போய் அவளையே கூட்டிக்கினு வாங்க!"

அவளுக்கு என் தமிழ் புரியவில்லை. என் முகம் புரிந்திருக்க வேண்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். நான் அழுதுகொண்டே பின்னால் போனேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் உடையும் அளவுக்கு அழுத்தினாள். புளியோதரைத் தொன்னைகளோடு வந்த நைனாவிடமும் அத்தையிடமும் நான் விக்கி விக்கிப் புகார் சொன்னேன். அம்மா என்னைத் தேடவில்லை, அந்தப் பெண்ணைத்தான் தேடினாள் என்று. பாவாடையையும் சொன்னேன், கவளத்தையும் சொன்னேன், படுக்கும் இடத்தையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அதுவரை நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

நைனா தொன்னையைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட லூசே, அது நீதான்!"

அவர் சொன்னது இதுதான். அந்த ஊரில் பிள்ளை கண்ணில் படாமல் போனால் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் எதிர்மலை அதே பேரைத் திருப்பிக் கூப்பிடும். பிள்ளை அதுதான் அம்மா என்று எதிர்த் திசையில் நடந்து போய்விடும். அதனால் கண்ணுக்கு எட்டாமல் இருக்கிற பிள்ளைக்கு அங்கே பேர் கிடையாது. தாரி என்றால் வழி. கூசு என்றால் குழந்தை. வழியில் இருக்கிற குழந்தை. வீடு வந்து சேர்கிற வரை எல்லாப் பிள்ளைக்கும் அதுதான் பேர். வந்து சேர்ந்தபின் அப்படிச் சொல்லக் கூடாது.

"நீ இங்க கீற, நாங்க அங்க கீறோம். ரெண்டு வருஷமா வூட்ல உன் பேரச் சொன்னதே இல்ல. அங்க இருந்து இருந்து இவளுக்கு வாய் அப்படியே பழகிப்போச்சு" என்றார். பாவாடை குட்டையானதற்கும் காரணம் சொன்னார். கீழே வந்தபோதெல்லாம் அளவெடுக்க மறந்து, மனசில் இருந்த பழைய அளவுக்கே வெட்டிவிட்டாராம்.

அத்தை அதற்குள் வேறு யோசனையில் இருந்தாள். "ஏம்பா, அப்போ தாரிக்கூசுனு கூவுனா மட்டும் மலை திருப்பிக் கூவாதா?"

நைனா மலை அக்காவிடம் கேட்டார். அவள் சொன்னதை அம்மா சொன்னாள். என் கையைப் பிடித்தபின் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "கூவும். ஆனா அது யாரு புள்ளையா வேணா இருக்கலாமில்ல. சொந்தப் பேரக் கேட்டாத்தான் கால் போவுமாம்."

இவ்வளவு நேரமும் தங்கை என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவளா?" என்றாள்.

"ஆமாண்டி செல்லம். உங்கக்காதான்" என்றார் நைனா.

"இவளா தாரிக்கூசு?" அவள் உதடு பிதுங்கியது. வாய்விட்டு அழத் தொடங்கினாள். ஏமாற்றத்தை அவ்வளவு மறைக்காமல் அதற்குப் பிறகு யாரும் என்னிடம் காட்டியதில்லை.

அவள் நான்தான் என்று தெரிந்ததும் பொறாமை போயிருக்க வேண்டும். போகவில்லை. அன்று மாலையே அம்மா என்னைத் திட்டினாள். தலை ஏன் இப்படிச் சிக்கு விழுந்து கிடக்கிறது, பெரியவர்கள் கேட்டால் வாய் திறந்து பதில் சொல்லத் தெரியாதா, நகத்தை ஏன் கடிக்கிறாய். தலை வாரும்போது நான் அழுதேன். சோறு சிந்தினேன். தாரிக்கூசு இதில் எதையும் செய்ய மாட்டாள். அவளுக்கு முதல் கவளம், அவளுக்குப் பாவாடை, அவளுக்கு அம்மாவின் இந்தப் பக்கம். நான் அங்கே போய்ச் சேர்ந்த அன்றே அவள் போய்விடுவாள். வந்து சேர்ந்தபின் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதன்பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது நான். நகம் கடிக்கிற, தங்கையை அடிக்கிற நான். அம்மாவுக்கு இவள் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. தங்கையின் முகத்தில்தான் பார்த்துவிட்டேனே.

பாரிமுனையில் பஸ் நின்றுகொண்டிருந்தது. மலை அக்கா ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் மடியில் தங்கை. நைனா உள்ளே மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, "ஏறுடி" என்றாள்.

"நான் வரல" என்றேன்.

"இன்னாது?"

"நான் இங்கயே இருக்கேன். அத்தைகிட்டயே."

அத்தை திட்ட ஆரம்பித்தாள். ரெண்டு வருஷமா என்னை எப்போ கூட்டிக்கினு போவாங்கனு உயிர எடுத்துட்டு, இப்போ வண்டியண்ட வந்து இன்னாடி நாடகம் என்றாள். அம்மா ஒரு முறை, "நெஜமாவா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

"சரி" என்றாள்.

ஏன் என்று கேட்கவில்லை. கெஞ்சவில்லை. அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லிவிட்டாளே என்று எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது. உடனே சமாதானமும் செய்துகொண்டேன். இன்று ராத்திரியிலிருந்து மறுபடியும் மேலே எல்லாம் எனக்குத்தான்.

என் துணிகள் அவர்களுடைய தகரப் பெட்டிக்குள் இருந்தன. அம்மா அதைக் கீழே வைத்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து திறந்தாள். என் உடுப்புகள் தனியாக மேலே இல்லை. அவளுடைய புடவைகளுக்கு நடுவிலும் தங்கையின் கவுன்களுக்கு அடியிலும் கலந்து அடுக்கியிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். அத்தை இஸ்திரி போட்ட மடிப்பு கலையாமல்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொன்றையும் உதறி, மடியில் போட்டு, மறுபடி மடித்து என் கையில் வைத்தாள். கண்டக்டர் விசில் அடித்தார். "ஏம்மா, வூட்டுல செய்ய வேண்டிய வேலையெல்லாம் இங்க வந்து செய்யறியே" என்றார். அவள் அவசரப்படவில்லை. கடைசித் துணிவரை மடித்தாள். ஒரு தடவைகூட நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி நேரத்தில் தொல்லை கொடுத்துவிட்டதால் கோபம் என்றே நினைத்தேன். இந்தக் கோபக்கார அம்மா பஸ் ஏறிப் போகட்டும், மேலே போனதும் என்னைப் பற்றி நல்லதாகவே பேசுவாளே, அந்த அம்மா எனக்குப் போதும் என்று, மடித்த துணிகளைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பஸ் கிளம்பும்வரை சந்தோஷமாக நின்றிருந்தேன்.